வெளியும் திருமேனியும்: ஒரகடத்துக் காட்சிக் குறிகளை முன்வைத்து

குறி என்பது தனக்கு அப்பாலுள்ள ஒன்றைக் காட்டுவது என்று கொண்டால், அதைப் பற்றிச் சமயத் தத்துவம் எழுப்பும் கேள்விகளுள் இரண்டு முதன்மையானவை. குறி தன் வேலையைச் செவ்வனே செய்வதற்கு எவ்வளவு வெறுமையாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அது சுட்டும் பொருள் என்றைக்கும் அதற்கு வெளியில்தான் நிற்குமா, அல்லது அதற்குள்ளேயே வந்து தங்கக்கூடுமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியைக் கடந்த சில பத்தாண்டுகளில் அழுத்தமாகப் பேசியவர்கள் ஜப்பானிய வரைகலைஞர்கள். இரண்டாவதைத் தென்னாட்டுக் கோயில் மரபு ஆயிரம் ஆண்டுகளாகப் பேசிவருகிறது. இவ்விரு பேச்சுகளும் அருகருகே நிற்கும் நிலப்பகுதி ஒன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உண்டு. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும், இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரும், நிசான், கோமாட்சு, யமஹா முதலிய ஜப்பானியப் பெயர்களைத் தாங்கி ஆலைகள் எழுந்த ஒரகடமும் வல்லம் வடகாலும் முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. வெறுமை பற்றிய ஜப்பானியச் சிந்தனையைத் தில்லையின் வெளியைப் பாடிய மரபும், இறைவன் உருவில் நிறைந்திருக்கிறான் என்று வாதிட்ட மரபும் எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் எளிதில் அமையாது.

ஜப்பானிய ஆலைக் குறிகள் ஒரகடத்து ஜப்பானிய ஆலைகளுக்கு முன்பே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டன என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது 2010இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1998இல், சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றிருந்தது. 2002இல் டிவிஎஸ் மோட்டார் அதே விருதைப் பெற்றது. இன்று இப்பகுதியில் கொரிய, ஜெர்மானிய, பிரெஞ்சு, உள்ளூர் நிறுவனங்கள் எதற்குள் சென்றாலும் ஒரே காட்சி இலக்கணமே ஆட்சி செய்கிறது. அதன் அடித்தளம் 5எஸ் எனப்படும் ஒழுங்குமுறை: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்ற ஐந்து சொற்கள் முறையே வேண்டாததை விலக்குதல், எஞ்சியதற்கு இடம் வகுத்தல், துடைத்துத் துப்புரவாக்குதல், அந்நிலையை நிலைநிறுத்தல், அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றைக் குறிக்கின்றன. தரையில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு, கழித்த பாகத்துக்குச் சிவப்புத் தொட்டி, இன்ன பாகம் தீர்ந்துவிட்டது என்று முந்தைய நிலையத்துக்குச் சொல்லும் கான்பன் அட்டை, லைனில் கோளாறு நேர்ந்தால் தொழிலாளி கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ எரியவிடும் ஆண்டான் விளக்கு ஆகியவை இந்த இலக்கணத்தின் சொற்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைப் பார்த்த கணத்தில் தெரியவைப்பதே இவை அனைத்தின் நோக்கம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவரும் செய்யாறு, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவரும் ஒரே ஷிஃப்டில் நிற்கும் இடத்தில் மொழியைச் சாராத குறியின் பயன் விளக்கம் வேண்டாதது. அத்தகைய குறிகளின் நவீன வரலாற்றில் 1964ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக் ஒரு திருப்பம். ஜப்பானிய எழுத்தை வாசிக்கத் தெரியாத பெருங்கூட்டம் வரப்போகிறது என்பதை முன்னிட்டு, மசாரு கட்சுமியின் தலைமையில் இளம் வரைகலைஞர்கள் விளையாட்டுகளுக்கும் கழிப்பறை, உணவகம் முதலிய வசதிகளுக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த படக்குறிகளை வரைந்தார்கள். வரைந்தபின் அவற்றின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். ஆலையின் ஒவ்வொரு வெளிவாசலுக்கு மேலும் பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மனிதன் யுகியோ ஓட்டா என்ற ஜப்பானியர் வடிவமைத்தது. 1980களில் அது பன்னாட்டுத் தரக் குறியாயிற்று. அந்த மனிதனுக்கு முகமும் வயதும் ஊரும் கிடையாது. ஆகையினால்தான் அவன் எல்லோருக்கும் வழிகாட்ட முடிகிறது. குறியின் வெறுமை அதன் பொதுமைக்குச் செலுத்தப்படும் விலை என்று இதிலிருந்து தோன்றும். எங்கே நின்று பார்த்தாலும், யார் பார்த்தாலும் ஒன்றாகவே தெரிய வேண்டும் என்பது அத்தகைய குறியின் விதி. குன்றத்தூர் மலைமேல் இருக்கும் முருகனை நேரே நின்று வணங்குபவருக்கு அவர் மட்டும் தெரிவார், ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் ஒரு தேவியோடும் மறுபக்கம் நின்றால் மற்றத் தேவியோடும் காட்சி தருவார் என்று அக்கோயிலின் சிறப்பாகச் சொல்லப்படுவது இவ்விதிக்கு நேர் எதிரானது. அங்கே பார்ப்பவர் நிற்கும் இடமும் காட்சியின் ஒரு பகுதியாகிறது.

இந்த இலக்கணத்தின் மிகக் கூரிய வெளிப்பாடு ஷேடோ போர்டு எனப்படும் கருவிப் பலகை. ஸ்பேனர், பிளையர், ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் என்று ஒவ்வொரு கருவிக்கும் அதன் புறவடிவம் பலகையில் வேறு நிறத்தில் தீட்டப்பட்டிருக்கும். கருவி கொக்கியில் தொங்கும்போது நிழல் மறைந்துவிடும், எடுத்தால் வெளிப்படும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மேற்பார்வையாளர் எதையும் எண்ணுவதில்லை, ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாலே போதும். பதின்மூன்றாம் எண் ஸ்பேனர் இல்லையென்றால் அதன் உருவமே பலகையிலிருந்து கூப்பிடும். மறந்து விடப்பட்ட கருவி ஒன்று எந்திரத்துக்குள் கிடந்தால் விளையும் கேடு பெரிது என்பதால் இந்த ஏற்பாடு வெறும் ஒழுங்குப் பித்து அன்று. ஆயினும் தத்துவ நோக்கில் இதில் வியக்கத்தக்க ஒன்று இருக்கிறது: எல்லாம் நிறைந்திருக்கும்போது இந்தப் பலகைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஒன்று குறையும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. இல்லாமையை ஒரு செய்தியாக்கிக் காட்டுவது எளிதான காரியமன்று. இந்திய அளவையியலார் அபாவம், அதாவது இன்மை, எவ்வாறு அறியப்படுகிறது என்று நூற்றாண்டுகள் வாதிட்ட சிக்கலை ஒரு பலகையும் கொஞ்சம் வண்ணமும் கொண்டு தொழிற்சாலை தீர்த்துவைத்திருக்கிறது.

திக்நாகர் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடும். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் இந்தப் பௌத்த அளவையியலாளர், ஒரு குறி தன் பொருளை நேராகக் காட்டுவதில்லை, அதுவல்லாத மற்ற அனைத்தையும் விலக்குவதன் வழியாகவே காட்டுகிறது என்ற கொள்கையை முன்வைத்தார். இதற்கு அபோகம் என்று பெயர். பலகையிலுள்ள நிழல் அந்த ஒரு கருவியைத் தவிர எல்லாவற்றையும் விலக்குகிறது. அதன் பொருள் அந்த விலக்கலே. காஞ்சியிலிருந்து சென்று நாலந்தாவில் தலைமை வகித்ததாகக் கூறப்படும் தருமபாலரின் யோகாசார விளக்கமே, யுவான் சுவாங் சீன மொழியில் தொகுத்த நூலின் முதன்மையான அடிப்படையாகி, ஜப்பானில் நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலைச் சேர்ந்த ஹொஸ்ஸோ மரபினரால் இன்றுவரை பயிலப்படுகிறது. ஆகவே காஞ்சி வட்டாரத்துக்கும் ஜப்பானுக்கும் இடையிலான கொள்வினை கார் தொழிற்சாலையோடு தொடங்கியதன்று. முதலில் சரக்கு இங்கிருந்துதான் போயிற்று.

வெறுமையை வரைகலையின் கொள்கையாகவே உருவாக்கியவர்களுள் இன்று முதலில் நினைக்கப்படுபவர் ஹாரா கென்யா. 1958இல் பிறந்த இவர், 1980இல் தொடங்கப்பட்ட முஜி என்ற வணிகப் பெயரின் கலை இயக்கப் பொறுப்பை இக்கோ தனகாவிடமிருந்து ஏற்றுக்கொண்டு, 2003இல் பொலிவியாவின் உயுனி உப்புவெளியில் எடுத்த புகைப்படத்தை விளம்பரமாக்கினார். அதில் விற்பனைப் பொருள் எதுவும் இல்லை. வானும் தரையும் சந்திக்கும் கோடும், அதன்மேல் புள்ளியளவில் ஒரு மனித உருவும், நிறுவனத்தின் பெயரும் மட்டுமே. ஹாராவின் விளக்கப்படி, மேலைநாட்டார் போற்றும் எளிமை வேறு, ஜப்பானியர் அறிந்த வெறுமை வேறு. ஜெர்மானியச் சமையல் கத்தியின் பிடி பெருவிரல் எங்கே படிய வேண்டும் என்பதைத் தன் வளைவாலேயே சொல்லித்தருகிறது; ஜப்பானியச் சமையற்காரரின் யனகிபா கத்திக்கு இருப்பதோ எந்த வளைவும் இல்லாத மரப்பிடி, பிடிப்பவரின் தேர்ச்சிக்கேற்ப எந்தப் பிடிக்கும் அது இடங்கொடுக்கிறது. முன்னது எளிமை, பின்னது வெறுமை. இக்கருத்தின் மூலத்தை அவர் ஷிண்டோ வழிபாட்டில் காண்கிறார்: நான்கு கம்பங்களை நட்டுக் கயிற்றால் இணைத்துவிட்டால் நடுவே ஒரு வெற்றிடம் பிறக்கிறது, வெற்றாக இருப்பதனாலேயே கமி எனப்படும் தெய்வ ஆற்றல் அதற்குள் வரக்கூடும், வரும் என்ற உறுதி இல்லை, வரக்கூடும் என்ற நிலைதான் வழிபாட்டுக்கு உரியது.

இந்த விளக்கம் அழகானது, ஆனால் அதை ஜப்பானின் முழு உருவமாகக் கொள்வது பிழை. வெறுமையே ஜப்பானின் உயிர் என்ற கருத்து பெருமளவுக்கு வெளியாருக்காகச் சொல்லப்பட்டு வளர்ந்தது. ஒக்காகுரா ககுசோ தேநீர் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 1906இல் ஆங்கிலத்தில்தான் எழுதினார். அதே ஜப்பானின் தடனோரி யோகூ வரைந்த சுவரொட்டிகளில் ஒரு விரற்கடை இடமும் காலியாக இராது. உதயசூரியக் கதிர்கள், அலைகள், ரயில், தெய்வங்கள், நடிகையர் எல்லாம் நெருக்கியடித்து நிற்பார்கள். இவர் இசைக்கலைஞர் ஹருவோமி ஹோசோனோவோடு இந்தியாவுக்கு வந்து சென்ற பயணத்தின் விளைவாக 1978இல் வெளியான ‘கொச்சின் மூன்’ இசைத்தட்டின் உறை இந்தியச் சினிமா போஸ்டர் பாணியில் அமைந்தது. அதில் ஒரு பாடலின் தலைப்பு மதராஸிலிருந்த கான்சல் ஜெனரலின் துணைவியாரைக் குறிப்பது. ஹாராவின் வெள்ளையும் யோகூவின் நெரிசலும் ஒரே மரபின் இரு முகங்கள். ஜப்பான் என்றால் வெறுமை, தமிழ்நாடு என்றால் நெரிசல் என்று பிரித்துவைத்துப் பேசும் பயண நூல்கள் இரண்டையும் அறியாதவை.

தமிழ் மரபு வெறுமையை அறியாதது அன்று என்பதற்குக் குன்றத்தூரைவிட நல்ல சாட்சி இல்லை. அருண்மொழித்தேவர் என்ற இயற்பெயர் கொண்ட சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து, 12ஆம் நூற்றாண்டில் தில்லைக்குச் சென்று ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து தொண்டர் வரலாற்றைப் பாடினார். முதற்சொல்லை இறைவனே எடுத்துக்கொடுத்தார் என்பது மரபு. அந்தத் தில்லையில் சிற்சபையில் ஆடும் உருவத்தின் வலப்புறம் ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கினால் லிங்கமோ சிலையோ தென்படுவதில்லை. இறைவன் அங்கே ஆகாயமாக, வெளியாக இருக்கிறான் என்பது கொள்கை. ஆனால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் போவதும் இல்லை: பொன்னால் செய்த வில்வ இலைச் சரங்கள் அவ்விடத்தில் தொங்குகின்றன. சிதம்பர ரகசியம் என்று மக்கள் வழங்கும் இந்த ஏற்பாட்டில் வரைகலைஞர் எவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று அடங்கியிருக்கிறது. வெளி தானாகக் கண்ணில் படுவதில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று காட்டுவதற்குத் திரை வேண்டும், திரையை விலக்கும் தீட்சிதரின் கை வேண்டும், தீபாராதனை வேண்டும், பொன்னிலை வேண்டும். உயுனியின் விளம்பரத்திலும் இதே நிலைதான்: அந்தத் தொடுவானக் கோடும் புள்ளியான மனிதனும் இல்லையெனில் எஞ்சுவது அச்சேறாத தாளே தவிர வெறுமை அன்று.

சேக்கிழார் பாடிய அடியார்களுள் பூசலார் இக்கேள்விக்கு மிக நெருங்கி நிற்பவர். குன்றத்தூருக்கு வடமேற்கே உள்ள திருநின்றவூரில் வாழ்ந்த இவர் கோயில் எடுக்கப் பொருள் தேடிக் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார். கதையின் உயிர், அந்தக் கோயில் ஒரே நொடியில் நினைத்து முடிக்கப்படவில்லை என்பதில் இருக்கிறது. தச்சர்களை மனத்தில் சேர்த்து, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, வரிசை வரிசையாகப் படை எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு எடுத்து, மதில் சூழ்ந்து, குளமும் தோண்டி, உறங்காமல் வேலை செய்து நெடுநாள் கழித்தே குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் எடுத்த கோயிலுக்கும் அதே நாள் குறிக்கப்பட்டிருக்க, இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, நாளைக்குத் தாம் பூசலாரின் கோயிலில் புகவிருப்பதால் மற்றொரு நாள் வைத்துக்கொள்ளுமாறு சொன்னார். பார்ப்பவனுக்குத் திருநின்றவூரில் இருந்தது வெற்றிடம். பூசலாருக்கு அது சுதையின் ஈரம்வரை நிறைந்த கட்டடம். வெறுமை என்று பெயர் பெறுவது பல சமயங்களில் கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் மிகுதியே என்று சேக்கிழார் கருதியதாக இக்கதையை வாசிக்க இடமுண்டு. அவருக்குப் பின் ஒரு தலைமுறைக்குள், இரண்டாம் இராசராசனின் தாராசுரம் கோயிலில் இந்த அடியார்களின் வரலாறு சிறுசிறு சிற்பக் கட்டங்களாகவும், அவற்றுக்கு மேல் பெயர் பொறிப்புகளாகவும் வரிசைப்படுத்தப்பட்டது. படமும் தலைப்பும் சேர்ந்து கதை சொல்லும் வரைகலையின் பழைய தமிழ் எடுத்துக்காட்டு அது.

கருவிப் பலகையின் வெறுமையும் தில்லையின் வெளியும் வேறுபடும் இடம் இப்போது தெளிவாகும். பலகையின் நிழலை நிரப்பத் தகுந்தது உலகில் ஒன்றே ஒன்றுதான். வேறு எது வந்தாலும் தவறு. தில்லையின் வெளியோ எதை ஏற்கும், எதை ஏற்காது என்று முன்கூட்டி வரையறுக்கப்படாதது. ஆனால் இந்த வேறுபாட்டை ஜப்பான், தமிழகம் என்ற எல்லைக்கோடாக மாற்றிவிடக்கூடாது. ஜப்பானின் இசே ஆலயம் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டு, தெய்வம் அங்கே குடிபெயர்ந்தபின் பழையது பிரிக்கப்படுகிறது. 2013இல் நடந்தது அறுபத்திரண்டாம் முறை. பிரிக்கப்பட்ட மனை கூழாங்கற்கள் பரப்பிய வெற்றிடமாக அடுத்த முறைக்குக் காத்திருக்கும். அங்கே எழவிருக்கும் கட்டடத்தின் அளவும் வடிவமும் அணுவளவும் மாறாமல் முன்பே தீர்மானிக்கப்பட்டவை; அவ்வகையில் அது கருவிப் பலகையின் உறவினம். வரவிருப்பது தெய்வம் என்பதால் மட்டும் அது பலகையிலிருந்து வேறாகிறது.

வெளியின் கோயில் எப்போதும் சாந்தமாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. தில்லையில் நடராசரின் சந்நிதிக்கு அருகிலேயே இருந்த கோவிந்தராசப் பெருமாளின் உருவம், சேக்கிழாரை ஆதரித்த அதே இரண்டாம் குலோத்துங்கனால் அகற்றப்பட்ட செய்தியை ஒட்டக்கூத்தர் தம் பாடல்களில் பெருமையாகவே குறிப்பிடுகிறார். திருப்பதியில் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தவர் இராமானுசர் என்பது வைணவ மரபு. குன்றத்தூர்ப் புலவரும் திருப்பெரும்புதூர் ஆசாரியரும் வரலாற்றில் சந்திக்கும் இடம் இந்தக் கசப்பான நிகழ்ச்சிதான். வெற்றிடம் ஒன்றைக் கண்டால் அது எதைக் காத்திருக்கிறது என்று கேட்பதோடு, யாரை வெளியேற்றி உண்டானது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாததை விலக்குதல் என்ற 5எஸ் முதல்விதிக்கும் இக்கேள்வி பொருந்தும். வேண்டாதது எது என்று தீர்மானிப்பவர் யார் என்பது அவ்விதியில் எழுதப்படுவதில்லை.

இராமானுசரின் நிலைப்பாடு வெறுமைக் கொள்கைக்கு எதிரான மிக வலுவான வாதங்களுள் ஒன்று. 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்த அவர், பிரம்மம் குணங்கள் அற்றது என்ற அத்வைதக் கருத்தை மறுக்கும்போது, பார்வையோ அனுமானமோ நூற்சொல்லோ எந்த அளவையும் குணமற்ற ஒரு பொருளைக் காட்டுவதே இல்லை, காட்டப்படும் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு தன்மையோடு சேர்ந்தே காட்டப்படுகிறது என்று வாதிட்டார். இவ்வாதத்தை வரைகலைக்குப் பொருத்தினால் முற்றிலும் வெறுமையான குறி என்பது இருக்கவே முடியாது: வெள்ளைத் தாளுக்கும் ஒரு வெண்மை, ஒரு கனம், ஒரு விளிம்பு உண்டு, முஜியின் பெயரற்ற பொருளுக்கும் பெயரின்மை என்ற பெயர் உண்டு, அதற்கு விலையும் உண்டு. பச்சை நிறத்தில் ஓடும் மனிதனுக்குக்கூட இரண்டு காலும் ஓடும் உடலும் வேண்டியிருக்கின்றன.

அதைவிட ஆழமானது அர்ச்சாவதாரக் கொள்கை. வைணவம் இறைவனின் நிலைகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் கோயிலில் எழுந்தருளியிருக்கும் திருமேனியை அர்ச்சை என்கிறது. பக்தன் நீராட்டினால் நீராடி, ஊட்டினால் உண்டு, திரையிட்டால் மறைந்து, தன்னை முழுவதும் பிறர் கைக்கு ஒப்படைத்துவிட்ட நிலை அது. அங்கே உருவம் இறைவனைச் சுட்டுவதில்லை. இறைவன் அதில் இருக்கிறான். திருப்பெரும்புதூர்க் கோயிலில் உள்ள இராமானுசரின் உருவத்துக்கே இவ்வரிசையில் ஓர் இடம் உண்டு. அவர் உயிரோடு இருந்தபோதே செய்யப்பட்டு, அவரால் தழுவப்பட்டு, தம் ஆற்றலை அதில் இறக்கியபின் அனுப்பப்பட்டது என்று மரபு கூறும் இத்திருமேனி ‘தாமுகந்த திருமேனி’ எனப்படுகிறது. திருவரங்கத்தில் இருப்பது ‘தானான திருமேனி’, மேல்கோட்டையில் அடியார் விரும்பி வைத்துக்கொண்டது ‘தமர் உகந்த திருமேனி’. குளிர்காலத்தில் வெந்நீரில் நீராட்டிப் போர்வை போர்த்தும் வழக்கம், இந்த உருவம் ஒரு நினைவுச் சின்னமாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டும்.

நிறைந்த குறிக்கும் தன் விலை உண்டு. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று நம்பப்படும் அடையாளம் ஒருவருக்கு உரிமையானதாகவும் மற்றவருக்கு மறுக்கப்படுவதாகவும் மாறிவிடுகிறது. வைணவரின் இரு பிரிவினருள் வடகலையாரின் நாமம் வளைந்து முடிய, தென்கலையாரின் நாமம் பாதம் வைத்து மூக்கில் இறங்குகிறது. இந்த ஒரு கோட்டின் வேறுபாட்டை முன்னிட்டுக் காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் எழுந்த பூசல்கள் ஆங்கிலேயர் காலம் தொட்டு நீதிமன்றப் படியேறின. கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் இடுவது என்பதும் வழக்கானதாக ஊரெங்கும் பேசப்படுகிறது. டோக்கியோவின் படக்குறிகளுக்காக எவரும் இப்படி வழக்காடவில்லை, அவற்றை வரைந்தவர்கள் உரிமையை விட்டுவிட்டார்கள் என்பதால் மட்டுமன்று.

ஒரகடத்து ஆலைகளில் இவ்விரு மரபுகளும் ஒன்றின்மீது ஒன்று படியும் நாள் ஆயுத பூஜை. நவராத்திரியின் ஒன்பதாம் நாளையொட்டி எந்திரங்கள் நிறுத்தப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்கப்படுகின்றன. ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று கட்டப்படுகிறது, அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது. அச்சு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்று விரலால் திருநீறு பட்டையாக இழுக்கப்படுகிறது. மஞ்சள் நடைபாதைக் கோட்டின் மேலேயே கோலம் விழுகிறது. பொரி கடலை பகிரப்பட்டு, வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைகிறது. கருவிப் பலகையில் அன்றைக்கு எல்லாக் கருவிகளும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் ஒரு சந்தனப் பொட்டு. தன் இடத்தில் இருப்பதால் பலகையின் இலக்கணப்படி வாய்மூடிவிட்ட ஸ்பேனர், அந்தப் பொட்டால் வணக்கத்துக்கு உரியதாகிறது. இதை நிர்வாகம் அனுமதித்த ஒரு நாள் விழா என்று ஒதுக்குவது எளிது. உலகம் முழுவதும் இறைவனின் உடல் என்ற இராமானுசரின் உடல்-உயிர்த் தொடர்புக் கொள்கையை அறிந்தவருக்கு அவ்வளவு எளிதன்று. அக்கொள்கைப்படி ஸ்பேனருக்கு அந்தரியாமி, அதாவது உள்நின்று இயக்கும் இறைவன், உண்டு என்பது உவமை அன்று, நேரான கூற்று.

இங்கே கவனிக்கத்தக்க வரலாற்று முரண் ஒன்று உண்டு. ஜப்பானில் இக்காட்சி ஒழுங்கு தனித்து நின்றதில்லை. பல நிறுவனங்கள் தம் வளாகத்திலோ கட்டடக் கூரையிலோ சொந்தமாக ஷிண்டோ ஆலயம் வைத்திருக்கின்றன. தையற்காரர்கள் உடைந்த ஊசிகளை மென்மையான தோஃபுக் கட்டியில் குத்தி நன்றி செலுத்தி விடைகொடுக்கும் ஹரி-குயோ என்ற சடங்கு பிப்ரவரி 8ஆம் நாளிலோ டிசம்பர் 8ஆம் நாளிலோ இன்றும் நடக்கிறது. தேய்ந்த தூரிகைகளுக்கும் அத்தகைய சடங்கு உண்டு. கருவிக்கு இடம் வகுத்த பண்பாடு கருவிக்கு ஈமக்கடனும் செய்தது. இக்காட்சி ஒழுங்கு மேலாண்மை நூல்களாகவும் பயிற்சிப் படிப்பாகவும் ஏற்றுமதியானபோது கோடும் பலகையும் அட்டையும் விளக்கும் மட்டுமே பெட்டிக்குள் ஏறின. ஆலயமும் ஊசிச் சடங்கும் கரையிலேயே நின்றுவிட்டன. விடுபட்டதை எவரும் கேட்காமலே சந்தனக் கிண்ணத்தோடு வந்த தமிழ்த் தொழிலாளி நிரப்பினார். அவர் நிரப்பியது ஜப்பானியத் தெய்வத்தால் அன்று; ஆனால் வரும் என்ற உறுதி வேண்டாத நான்கு கம்பத்து வெற்றிடத்துக்கு யார் வந்தார் என்பது ஒரு பொருட்டில்லை என்று ஹாராவின் விளக்கமே இடங்கொடுக்கிறது.

ஆனால் இந்தப் பொருத்தத்தோடு ஆராய்ச்சி நிறைவுபெற்றதாகக் கொள்வது ஆலையின் மற்றொரு பலகையைப் பார்க்காமல் விடுவதாகும். பெரும்பாலான லைன்களின் முகப்பில் திறன் அட்டவணை என்ற ஒன்று தொங்குகிறது. இடப்பக்கம் தொழிலாளியின் பெயரும் அஞ்சல்தலை அளவுப் புகைப்படமும், மேலே வேலைகளின் பட்டியலும், இரண்டும் சந்திக்கும் கட்டங்களில் நான்காகப் பகுக்கப்பட்ட வட்டங்களும் இருக்கும். கற்றுக்கொண்டிருப்பவருக்குக் கால் வட்டம் கறுக்கும். மேற்பார்வையில் செய்பவருக்கு அரை. தனியே செய்பவருக்கு முக்கால். பிறருக்குக் கற்பிக்க வல்லவருக்கு முழுவட்டம். நியாயமான, பயனுள்ள கருவிதான். யாரை எங்கே நிறுத்தலாம் என்பது ஒரு பார்வையில் விளங்கும். எனினும் குறிக்குள் பொருள் தங்குமா என்ற கேள்வி கருவியிலிருந்து மனிதருக்கு இடம்பெயரும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. இவ்வட்டம் மனிதரைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அது காட்டுவது அவருடைய குறைவை மட்டுமே. நிரம்பாத முக்கால் பகுதியும் பலகையில் வெளிப்பட்ட ஸ்பேனரின் நிழல் போலவே, வர வேண்டிய ஒன்று வரவில்லை என்று பேசுகிறது. எட்டு மாத ஒப்பந்தத்தில் வந்து முழுவட்டத்தை எட்டுமுன்னரே வெளியேறும் இளைஞரைப் பொறுத்தவரை அவர் கொடுத்த உழைப்பு, பூசலாரின் சுதையைப் போல, கண்ணுக்குப் படாமலே போகிறது. திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி மறைபொருளை எல்லோருக்கும் உரக்கச் சொன்னவர் என்று போற்றப்படும் ஆசாரியரின் ஊரில், ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கும் கை, இந்த அட்டவணையிலுள்ள புகைப்படங்களுக்கு வைப்பதில்லை. உயிரோடிருப்பவரின் படத்துக்குப் பொட்டும் மாலையும் இடுவது தமிழ் வழக்கில் அமங்கலம் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.